வட ஐரோப்பாவில் நீங்கள் பார்த்த பறவைகள் எவை?

கேள்வி: ஜூன் கடைசியில் தொடங்கி ஸ்டாக்ஹோம், ஹெல்சின்கி, நார்வேயின் லோஃபோட்டன் தீவுகள், ஐஸ்லாந்து என்று குடும்பத்தோடு பயணம் போய்வந்தோம். பூங்காவில் நீண்ட வாலுடன் ஒரு கருப்பு வெள்ளைப் பறவை, சாம்பல் உடம்புக் காகம், புல்தரையில் தத்தும் சாம்பல் தலைப் பறவை (மரத்தடியில் கிட்டப் போனதும் நாலைந்து சேர்ந்து சடசடவென்று கத்தின), வெள்ளை முகமுள்ள வாத்துக் கூட்டம், துறைமுகத்தில் நான்கைந்து விதக் கடற்காகங்கள், செம்மஞ்சள் அலகோடு ஓயாமல் கத்திய கரையோரப் பறவை, ஐஸ்லாந்தில் மகனின் தலையில் கொத்திய வெள்ளைப் பறவை, அங்கேயே இரவில் வானத்திலிருந்து கேட்ட விநோத ஒலி (குதிரை தூரத்தில் கனைப்பது போல, ஆனால் மேலேயிருந்து; பறவையைப் பார்க்க முடியவில்லை) – இவையெல்லாம் என்ன? கைப்பேசிப் படங்கள் எதுவும் தெளிவாக இல்லை. அடுத்த முறை நாங்களே கண்டுபிடிக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்:

படம் தெளிவாக இல்லாதது பெரிய குறை அல்ல. எந்த ஊர், என்ன மாதம், பூங்காவா துறைமுகமா என்று எழுதியிருக்கிறீர்கள். பறவையை அடையாளம் காணும் வேலையில் பாதிக்கு மேல் அதிலேயே முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் பதிவான பறவை இனங்கள் 500-க்கும் மேல். ஐஸ்லாந்திலோ ஆண்டுதோறும் தவறாமல் கூடு கட்டுபவை சுமார் 75 இனங்கள்தான். துருவத்தை நெருங்க நெருங்க இனங்கள் குறையும்; இருக்கிற இனங்கள் ஆயிரக்கணக்கில் திரளும். எனவே அங்கே 'இது எந்தப் பறவை' என்று படங்களைப் புரட்டுவதைவிட, 'இந்த இடத்தில், இந்த மாதத்தில் இருக்க முடியாதவை எவை' என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவதுதான் சிறந்த வழி. நம் ஊரில் இந்த வழி இவ்வளவு எளிதில் பலிக்காது. பறவை பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு வட ஐரோப்பாவைப் போல வசதியான இடம் வேறில்லை என்பேன்.

பூங்காவில் பார்த்த கருப்பு வெள்ளைப் பறவை மாக்பை. நம் குண்டுக் கரிச்சானின் நிறங்களே இதற்கும் இருப்பதால் தமிழர்கள் பலருக்கும் முதலில் அதுதான் நினைவுக்கு வரும். ஆனால் இது காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்தது. உடம்பின் நீளத்தில் பாதியை வாலே எடுத்துக்கொள்ளும். கருப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். வெயில் படும்போது பார்த்தால் இறக்கை நீலமாகவும் வால் பச்சையாகவும் மின்னும். ஸ்டாக்ஹோம், ஆஸ்லோ, ஹெல்சின்கி மூன்றிலும் தெருவுக்குத் தெரு இருக்கும். மரக்கிளையில் சுள்ளிகளால் கூரை போட்ட உருண்டைக் கூடு தெரிந்தால் அது பெரும்பாலும் இதனுடையதுதான்.

சாம்பல் உடம்பும் கருப்புத் தலையும் கொண்டது ஹூடட் காகம். நம் வீட்டுக் காக்கைக்குக் கழுத்து மட்டும் சாம்பல்; இதற்கோ முதுகு, மார்பு, வயிறு எல்லாம் வெளிர் சாம்பல், தலையும் தொண்டையும் இறக்கையும் வாலும் மட்டும் கருப்பு. பிரிட்டனின் பெரும்பகுதியிலும் பிரான்ஸிலும் மேற்கு ஜெர்மனியிலும் முழுக் கருப்பான காகம் வாழ்கிறது. ஜெர்மனியில் எல்பே ஆற்றை ஒட்டிய குறுகிய பட்டையில் இரண்டும் சந்தித்துக் கலப்பினக் குஞ்சுகள் பொரிக்கின்றன. 2014-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு மரபணுத் தொகுதியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பகுதியில்தான் இருக்கிறது என்று காட்டியது. ஐஸ்லாந்துக்குப் போனால் இந்தக் குழப்பமே இல்லை. அங்கே காகம் கூடு கட்டுவதில்லை. முழுக் கருப்பாக, பெரிதாக, பறக்கும்போது வால் நுனி ஆப்பு வடிவில் தெரிந்தால் அது ரேவன்தான். ஸ்டாக்ஹோமில் காகத்தைவிடச் சிறிதாக, சாம்பல் பிடரியும் வெளிறிய கண்ணுமாக ஒன்று தேவாலயக் கோபுரத்தில் கூட்டமாக அடைந்திருந்தால் அது ஜாக்டா.

புல்தரையில் தத்திய சாம்பல் தலைப் பறவையை ஃபீல்ட்ஃபேர் என்பார்கள். பூங்குருவி இனம், மைனாவைவிடச் சற்றுப் பெரியது. தலையும் இடுப்பும் சாம்பல், முதுகு செம்பழுப்பு, வால் கருப்பு, மார்பில் அம்பு முனைகளாகப் புள்ளிகள். இதே புல்தரையில் இன்னும் மூன்று பூங்குருவிகளைப் பார்க்கலாம். முழுக் கருப்பு உடலும் மஞ்சள் அலகும் இருந்தால் அது பிளாக்பேர்ட் ஆண், ஸ்வீடனின் தேசியப் பறவை. கண்ணுக்கு மேலே வெண்மஞ்சள் புருவக்கோடும் விலாவில் செங்கல் நிறமும் இருந்தால் ரெட்விங். முதுகு முழுவதும் ஒரே பழுப்பாக, சிறிய உடலாக இருந்தால் சாங் த்ரஷ். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் 'கிட்டப் போனதும் நாலைந்து சேர்ந்து சடசடவென்று கத்தின' என்ற ஒரு வரியே எனக்குப் போதுமானது. மற்றப் பூங்குருவிகள் தனித்தனி இணையாக எல்லை பிரித்து வாழும். ஃபீல்ட்ஃபேர் மட்டும் பத்துப் பதினைந்து கூடுகளை அடுத்தடுத்த மரங்களில் கட்டிக் குடியிருக்கும். கூட்டை நோக்கி ஒரு காகம் வந்தால் எல்லாமாகச் சேர்ந்து அதன் மேல் பாய்ந்து, மிகச் சரியாகக் குறிபார்த்து எச்சமிடும். இறகெல்லாம் பிசுபிசுத்துப் போய்ப் பறக்க முடியாமல் காகம் தரையில் தத்தளிக்கும் அளவுக்கு இது நடப்பது உண்டு. அந்த மரத்தடியில் நீங்கள் நீண்ட நேரம் நிற்காமல் நகர்ந்தது நல்லதாயிற்று.

ஹெல்சின்கியின் புல்வெளிகளில் மேய்ந்த வெள்ளை முக வாத்துகள் பார்னகிள் வாத்துகள். முகம் முழுவதும் வெள்ளை, கழுத்தும் மார்பும் கருப்பு, உடம்பு சாம்பல். இதோடு குழப்பிக்கொள்ளக் கூடியது கனடா வாத்து ஒன்றே; அதற்குக் கருப்பு முகத்தில் தாடையைச் சுற்றி மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும், உடம்பு பழுப்பு. பார்னகிள் வாத்து இயல்பில் கிரீன்லாந்து, ஸ்வால்பார்ட், ரஷ்ய ஆர்க்டிக் கரைகளில் முட்டையிடும் பறவை. 1971-இல் ஸ்வீடனின் காட்லாண்ட் தீவை ஒட்டிக் கூடு கட்டத் தொடங்கிய கூட்டம் பெருகி, பால்டிக் கடற்கரையெங்கும் பரவிவிட்டது.

இனி கடற்காகங்கள். இவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் மலைத்துப்போய்க் கைவிடுவது இங்கேதான். உடம்பின் நிறத்தைப் பார்க்காதீர்கள். முதலில் கால், அடுத்து அலகு, பிறகு முதுகு. இந்த வரிசையில் பாருங்கள். கால் இளஞ்சிவப்பு, முதுகு வெளிர் சாம்பல், தடித்த மஞ்சள் அலகின் கீழ்ப்பாகத்தில் சிவப்புப் புள்ளி, கண் வெளிறி முறைப்பது போலத் தெரிந்தால் அது ஹெர்ரிங் கடற்காகம். கால் இளஞ்சிவப்பாகவே இருந்து முதுகு கருப்பாக, உடம்பு பெரிதாக இருந்தால் பெருங்கருமுதுகுக் கடற்காகம். உலகின் கடற்காகங்களில் மிகப் பெரியது அதுதான். கருப்பு முதுகும் மஞ்சள் காலும் என்றால் சிறுகருமுதுகுக் கடற்காகம். பச்சை கலந்த மஞ்சள் கால், சிவப்புப் புள்ளி இல்லாத மெல்லிய அலகு, கரிய கண், சாதுவான முகம் என்றால் 'காமன் கல்' ('கல்' என்பது கடற்காகத்தின் ஆங்கிலப் பெயர்).

அந்தச் சிவப்புப் புள்ளிக்கு ஒரு வேலை உண்டு. குஞ்சு பெற்றோரின் அலகில் உள்ள அந்தப் புள்ளியைக் கொத்தும். உடனே பெற்றோர் விழுங்கிய மீனைக் கக்கி ஊட்டும். நிகோ டின்பெர்கன் அட்டையில் வெட்டிய போலித் தலைகளைக் குஞ்சுகளின் முன் நீட்டி, புள்ளியின் நிறத்தையும் இடத்தையும் மாற்றி மாற்றி இதைச் சோதித்தார். விலங்குகளின் நடத்தை குறித்த ஆய்வுகளுக்காக 1973-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். துறைமுகச் சுவரில் நிற்கும் கடற்காகத்தின் அலகை பைனாகுலரில் பார்க்கும்போது இதை உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவன் கடற்காகத்தைச் சாதாரணமாகப் பார்க்க மாட்டான்.

வட நார்வேயின் துறைமுக ஊர்களில் கட்டடச் சன்னல் விளிம்புகளில் நெருக்கியடித்துக் கூடு கட்டியிருந்தவை கிட்டிவேக். கால் கருப்பு, அலகு புள்ளி ஏதுமில்லாத மஞ்சள், இறக்கை நுனி மையில் தோய்த்து எடுத்தது போல முழுக் கருப்பு. மற்றக் கடற்காகங்களுக்கு அந்தக் கருப்பு நுனியில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும், இதற்கு இருக்காது. இது உண்மையில் நடுக்கடல் பறவை. குளிர்காலம் முழுவதும் அட்லாண்டிக்கில் கழித்துவிட்டு, முட்டையிட மட்டும் செங்குத்தான பாறைகளுக்கு வரும். ட்ரோம்ஸோ, ஓலசுண்ட் போன்ற ஊர்களில் பாறைகளை விட்டுவிட்டு வீட்டுச் சுவர்களுக்கு வந்துகொண்டிருக்கிறது. எச்சமும் கூச்சலும் தாங்காமல் ஊர்க்காரர்கள் சிலர் வலை கட்டுகிறார்கள். ஆனால் 2017 முதல் உலக அளவில் அழிவாபத்துக்கு உள்ளான இனங்களின் பட்டியலில் இருக்கும் பறவை இது. கடல் வெப்பமாகி இரைமீன்கள் குறைவது முக்கியக் காரணங்களில் ஒன்று. சன்னலடியில் அது கூடு கட்டினால் சில மாதம் பொறுத்துக்கொள்வதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

ஸ்டாக்ஹோம் நீர்க்கரையில் அடர்பழுப்புத் தலையுடன் இருந்தது 'பிளாக்ஹெடட் கல்'. சென்னைக் கடற்கரையிலும் பழவேற்காட்டிலும் குளிர்காலத்தில் நாம் கூட்டமாகப் பார்க்கும் பழுப்புத்தலைக் கடற்காகம் அல்ல அது. நம்முடையது லடாக், திபெத் பகுதி ஏரிகளில் முட்டையிடுவது, ஸ்வீடனுக்குப் போவதில்லை. பார்வைக்கு இரண்டும் உறவு என்று தெரியும், ஆனால் இடத்தை வைத்தே ஒன்றைக் கழித்துவிடலாம்.

பழுப்பு மாசு படிந்தாற்போலத் தெரிந்த பெரிய கடற்காகங்கள் வேறு இனமல்ல; இளம் பறவைகள். ஹெர்ரிங் கடற்காகம் முழு வளர்ச்சிச் சிறகணியைப் பெற நான்கு ஆண்டுகள் ஆகும், ஒவ்வோர் ஆண்டும் தோற்றம் மாறும். முதல் பயணத்தில் அவற்றை 'இளம் கடற்காகம்' என்று மட்டும் எழுதிவைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பல ஆண்டு அனுபவமுள்ளவர்களே அவற்றைப் பார்த்து வாதாடிக்கொண்டிருப்பார்கள்.

லோஃபோட்டன் கரையில் கத்தியது சிப்பிபிடிப்பான். கருப்பு முதுகு, வெள்ளை வயிறு, செம்மஞ்சள் அலகு, சிவந்த கண், இளஞ்சிவப்புக் கால். அங்கே இதோடு குழப்பிக்கொள்ள வேறு எதுவும் இல்லை. நம் தென்கடற்கரையிலும் குளிர்காலத்தில் சிறிய எண்ணிக்கையில் வந்துபோகும். அடுத்த முறை பார்க்கும்போது அலகின் நுனியைக் கூர்ந்து பாருங்கள். சில பறவைகளுக்கு நுனி மழுங்கியிருக்கும், சிலவற்றுக்கு உளி போலத் தட்டையாகவும், சிலவற்றுக்குக் கூராகவும் இருக்கும். மட்டியை அடித்து உடைத்துத் தின்பதற்கு மழுங்கும். ஓட்டின் இடுக்கில் நுழைத்துத் தசையை அறுத்துத் தின்பதற்குத் தட்டையாகும். சேற்றில் புழு தேடுவதற்குக் கூராகும். அலகு வளர்ந்துகொண்டே இருப்பதால், இரை தேடும் முறை மாறினால் நுனியின் வடிவமும் சில வாரங்களில் மாறிவிடும். பரோ தீவுகளின் தேசியப் பறவை இது. மார்ச் 12-ஆம் தேதியை அது திரும்பி வரும் நாளாக அங்கே கொண்டாடுகிறார்கள்.

மகனின் தலையில் கொத்தியது ஆர்க்டிக் ஆலா. இதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் என்றால் சாதாரண ஆலாவா ஆர்க்டிக் ஆலாவா என்று அலகைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சாதாரண ஆலாவுக்கு அலகு செம்மஞ்சள், நுனி கருப்பு. ஆர்க்டிக் ஆலாவுக்கு நுனிவரை இரத்தச் சிவப்பு. கால் மிகக் குட்டை, உட்கார்ந்தால் தரையோடு ஒட்டிக் கிடக்கும். வாலிறகு இரண்டும் நீண்டு பிளந்திருக்கும். ஐஸ்லாந்தில் வழக்கமாகக் கூடு கட்டும் ஆலா இது ஒன்றுதான். ஆகவே அலகைப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. எடை சுமார் 100 கிராம். கிரீன்லாந்திலும் ஐஸ்லாந்திலும் இவற்றின் காலில் சிறு பதிவுக் கருவிகளைக் கட்டிப் பின்தொடர்ந்த ஆய்வு 2010-இல் வெளியானது. அண்டார்க்டிகாவுக்குப் போய்த் திரும்ப ஓர் ஆண்டில் சராசரியாக 70,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்கின்றன என்று அதில் தெரியவந்தது.

அது கொத்தியதற்குக் காரணம், காலடியில் எங்கோ முட்டையோ குஞ்சோ இருந்தது. முட்டைகள் சரளைக் கற்களோடு கற்களாகக் கிடக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். ஆலா எப்போதும் உருவத்தின் மிக உயரமான இடத்தைக் குறிவைத்துப் பாயும். ஆகையால் ஒரு குச்சியையோ குடையையோ தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே மெதுவாகத் திரும்பிவிடுங்கள். விரட்டக் கையை வீசக் கூடாது, ஓடவும் கூடாது. மேற்கு ஐஸ்லாந்தில் ரிஃப் என்ற ஊரை ஒட்டிய சாலையில் ஜூலையில் குஞ்சுகள் தார்ச்சாலையிலேயே வந்து உட்காரும். அந்தப் பக்கம் கார் ஓட்டினால் வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள்.

இரவு ஒலி பற்றி எழுதியிருந்ததைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். 'குதிரை தூரத்தில் கனைப்பது போல, ஆனால் மேலேயிருந்து' என்று நீங்கள் சொல்வது கோரை உள்ளான் எழுப்பும் ஒலி. அது தொண்டையிலிருந்து வருவதல்ல. ஆண் பறவை மேலே மேலே வட்டமிட்டு, சரிந்து பாயும்போது வாலின் இரு ஓர இறகுகளை மட்டும் பக்கவாட்டில் விறைப்பாக விரிக்கும். காற்று அவற்றின் மேல் மோதி இறகு அதிர்வதால் அந்த 'ஹுஹுஹுஹு' எழுகிறது. ஒலி வந்த இடத்தில் தேடினால் பறவை இருக்காது. அதற்குள் வேறு இடத்துக்கு ஏறியிருக்கும். அதனால்தான் உங்களால் பார்க்க முடியவில்லை. இந்தக் கோரை உள்ளான் குளிர்காலத்தில் தமிழ்நாட்டு நெல்வயல்களுக்கும் ஏரிக்கரைகளுக்கும் வருகிற பறவைதான் என்றாலும், அந்த ஒலியை நாம் இங்கே கேட்பதில்லை. இணை சேரும் காலத்துக்கு உரியது அது. அந்தக் காலத்தை அது வடக்கில் கழிக்கிறது.

அடுத்த பயணத்துக்கு வருவோம். மாதத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். ஜூலை பாதிக்குப் பிறகு காட்டுப் பறவைகள் பாடுவதை நிறுத்திவிடும். ஆண் வாத்துகள் அந்த நேரத்தில் பளிச்சென்ற இறகுகளை உதிர்த்துப் பெண் போலவே பழுப்பாகிவிடும். மல்லார்ட் ஆணை அப்போது மஞ்சள் அலகை வைத்துத்தான் கண்டுகொள்ள வேண்டும். பஃபின் பறவைகள் ஏப்ரலில் கரைக்கு வந்து ஆகஸ்ட் நடுவில் கடலுக்குத் திரும்பிவிடும். ஆகஸ்ட் கடைசியில் ஐஸ்லாந்து போய்ப் பஃபின் எங்கே என்று தேடி ஏமாந்து திரும்புகிறவர்கள் ஏராளம். மே கடைசியும் ஜூனும்தான் சரியான காலம். சூரியன் மறையாத ஊர்களில் அதிகாலை மூன்று மணிக்கு வெளியே போனாலும் வெளிச்சம் இருக்கும். பறவைகள் அப்போதுதான் மிகச் சுறுசுறுப்பாக இருக்கும், மனித நடமாட்டமும் இருக்காது.

கைப்பேசியில் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியை நிறுவி, போகும் பகுதிக்கான தொகுப்பை ஊரிலிருந்தே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். இடத்தையும் தேதியையும் கொடுத்தால் வாய்ப்பில்லாத இனங்களை அதுவே கழித்துவிடும். ஒலியைக் கேட்டும் பெயர் சொல்லும். ஆனால் அது சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள்; பறவையைக் கண்ணால் பார்த்து அலகு, கால், வால் மூன்றையும் சரிபாருங்கள். செயலியிலுள்ள ஒலியை இசைத்துப் பறவையைக் கிட்டே வரவழைப்பதைக் கூடு கட்டும் காலத்தில் செய்யவே கூடாது. எல்லைக்குள் இன்னொரு ஆண் நுழைந்துவிட்டதாக எண்ணி, குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தை அது சண்டைக்காக வீணாக்கும். கேமராவைவிட 8×32 அல்லது 8×42 பைனாகுலர் ஒன்றுக்குச் செலவழிப்பது மேல். பார்த்த உடனே ஒரு சிறு நோட்டில் எழுதுங்கள்: அளவு (சிட்டுக்குருவியா, மைனாவா, காகமா), அலகின் நிறமும் நீளமும், கால் நிறம், எங்கே நின்றது, என்ன செய்தது. உடம்பின் நிறம் கடைசியில் வந்தால் போதும்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வட ஸ்வீடனின் அபிஸ்கோவுக்கு ஜூன் தொடக்கத்தில் போக முடிந்தால், குட்டைப் பூர்ச்சமரப் புதர்களின் உச்சியில் நீலத்தொண்டைக் குருவியைத் தேடுங்கள். ஆணின் தொண்டை பளீரென்ற நீலம், அதன் நடுவில் ஒரு செம்புள்ளி. மற்றப் பறவைகளின் குரல்களையும் தன் பாட்டில் கலந்து பாடும். நெடுந்தூரம் வலசை போகும் ஐரோப்பியச் சிறு பறவைகளில் பெரும்பாலானவை குளிர்காலத்துக்கு ஆப்பிரிக்கா போகின்றன. ஸ்காண்டிநேவியாவின் நீலத்தொண்டையோ தென்கிழக்கே திரும்பி இந்தியத் துணைக்கண்டத்துக்கு வருகிறது என்பதைப் பதிவுக் கருவி கட்டிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தமிழ்நாட்டு ஏரிகளின் கோரைப் புதர்களிலும் இந்த இனம் குளிர்காலத்தில் தங்குகிறது. அவை அபிஸ்கோவிலிருந்தே வந்தவை என்று சொல்ல முடியாது. வடக்கிலும் கிழக்கிலும் பரந்த நிலப்பரப்பில் பரவியிருக்கும் இனம் அது. இங்கே நீலம் மங்கியிருக்கும். தரையோடு தரையாக ஓடும்போது வாலின் அடிப்பாகத்தில் இரு பக்கமும் தெரியும் செம்பழுப்புத் திட்டையும், கண்ணுக்கு மேலுள்ள வெள்ளைக் கோட்டையும் வைத்துப் பிடித்துவிடலாம். டிசம்பர் முதல் பிப்ரவரிவரை, காலை ஏழு மணிக்குள் ஏரிக்கரைக்குப் போய் நாணல் ஓரத்துச் சேற்றைப் பாருங்கள்.